ஒன்பதாம் வட்டாரத்தில் இருவர்

சுற்றறிக்கை வந்த வியாழக்கிழமை, சுகாதார அலுவலகத்தில் இனிப்பு கொடுக்காததுதான் குறை. அதிகாரி தன் அறையை விட்டு வெளியே வந்து அதைத் தானே உரக்கப் படித்தார். பதினெட்டு வருடமாக ஒரு நோயாளியின் நாடியைக்கூடத் தொடாத டாக்டர் அவர். அன்றைக்கு மட்டும் சுகப்பிரசவம் பார்த்து முடித்தவர் மாதிரி முகத்தில் ஒரு களை.

விஷயம் இதுதான். இத்தனை காலமும் மேலிடத்துப் பணம் கட்டடத்தைப் பார்த்து வந்தது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் வட்டாரத்துக்குப் பெரிய பங்கு, சின்ன ஆஸ்பத்திரி இருக்கும் வட்டாரத்துக்குச் சின்னப் பங்கு. பெரியது மேலும் பெருக்கும், சின்னது மேலும் சூம்பும். இனிமேல் அப்படி இல்லையாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை பேருக்கு என்ன நோய் என்று எண்ணிப் பார்த்து, தேவைக்குத் தக்கபடி பிரித்துக் கொடுப்பார்களாம்.

இதைக் கேட்டு ஒன்பதாம் வட்டார அலுவலகம் ஒன்பது தடவை கடிதம் போட்டிருக்கிறது. ஒன்பதையும் தட்டச்சு செய்தவள் லிஸ்ட் அக்கா. புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தாறு வருடச் சர்வீஸ். அந்தப் பிரிவு என்பதே அவளும், ஒரு கம்ப்யூட்டரும், மழைக்காலத்தில் ஒழுகும் ஒரு ஜன்னலும்தான். எதைக் கேட்டாலும் பட்டியல் போட்டுக் கையில் கொடுத்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். அவள் கொடுத்த எண்ணில் ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது என்று இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. வெளியே சொல்லிக்கொள்ளமாட்டாள், ஆனால் அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

"முக்கியமானது இதும்மா," என்று அதிகாரி மூன்றாம் பக்கத்தை அவள் மேசையில் வைத்தார். "டயாலிசிஸ். எந்த வட்டாரத்துல முப்பது நோயாளியாவது இருக்காங்களோ, அந்த வட்டாரத்துக்கு ஆறு மெஷின், ரெண்டு நர்ஸ், ஒரு டெக்னீஷியன். நம்மகிட்ட முப்பது தேறாதா? தெருவுக்கு ஒருத்தர் கைய வீங்கவச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"தேறும் சார்."

"செவ்வாய்க்கிழமை பன்னண்டு மணிக்குள்ள எண்ணைப் போட்டுடணும். கார்டுல இருக்கற முகவரிய வச்சு எண்ணணுமாம். நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை?"

கார்டில் இருக்கும் முகவரி. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் லிஸ்ட் அக்கா பேனாவை மூடி வைத்தாள். "சரி சார்" என்றாள். கதவு மூடும்வரை காத்திருந்தாள். பிறகு கம்ப்யூட்டரில் சிறுநீரக நோயாளிகளின் பதிவேட்டைத் திறந்து, வட்டாரவாரியாக எண்ணச் சொன்னாள்.

ஐந்தாம் வட்டாரம்: நூற்றுப் பன்னிரண்டு. ஒன்பதாம் வட்டாரம்: இரண்டு.

அந்த இரண்டு பேரையும் அவளுக்குத் தெரியும். ஒருவர் மரக்கடை முதலாளி. காசு கொடுத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் காரில் போய் வருகிறவர். இன்னொருவர் அவருடைய மாமியார்.

மற்றவர்கள் எங்கே போனார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். அனுப்பியவளே அவள்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் தம்பிக்குச் சிறுநீரகம் போயிற்று. வெல்டர் வேலை பார்த்தவன், நாற்பத்திரண்டு வயது. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே கல்யாணம் ஆகவில்லை, அதற்குத் தெரு ஆயிரம் காரணம் சொல்லும். வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் நாலு மணி நேரம் படுத்தால்தான் அவன் உடம்பில் ஓடுவது இரத்தம். இல்லாவிட்டால் சாக்கடை. மெஷின் இருப்பது ஐந்தாம் வட்டாரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அவன் பேர் பதிந்த மாதமே அங்கே ஒரு போர்டு மாட்டிவிட்டார்கள்: வெளி வட்டாரத்து நோயாளிகளுக்கு இடமில்லை.

லிஸ்ட் அக்கா அன்றைக்கு யோசித்தது பத்து நிமிடம்கூட இருக்காது. முகவரி மாற்றும் படிவம் அவள் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் கிடந்தது. இங்கிருந்து விடுவிக்கிற முத்திரையும் அவளிடம்தான். அங்கே ஒரு வீட்டுக்காரர் "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்தால் முடிந்தது வேலை. தம்பியோடு முன்பு பட்டறையில் இருந்தவன் ஒருவன் ஐந்தாம் வட்டாரத்தில் டயர்க்கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே இரண்டு அறை. எழுதிக் கொடுத்தான்.

தம்பியோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் பள்ளிக்கூட வாத்தியார் வந்து நின்றார். பிறகு தையல்காரம்மா, முடிவெட்டுகிறவர், பஸ் கண்டக்டர். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரே மாதிரி ரிப்போர்ட், முகத்தில் ஒரே மாதிரி வீக்கம். யாரைப் போகச் சொல்வது? டயர்க்கடைக்காரன் பதினாறு பேருக்கு எழுதிக் கொடுத்தான். மற்றவர்களுக்கு மச்சான், சித்தப்பா மகள், பழைய வீட்டுக்காரி என்று யார் யாரையோ பிடித்தார்கள்.

"அந்த டயர்க்கடை மாடியில இருக்கறவங்க எல்லாம் ஒண்ணாப் போய் ஓட்டுப் போட்டா ஆட்சியே மாறிடும்," என்பான் தம்பி.

நான்கு வருடத்தில் நாற்பத்தொரு பேர். அதில் ஏழு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாத்தியார் போன மாதம் வேனில் திரும்பி வரும்போதே முடிந்துவிட்டார். வீடு வந்து கதவைத் திறக்கும்வரை தூங்குகிறார் என்றே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் முப்பத்திநாலு பேர். பதினேழு பேர் உட்காரும் அலுவலக வேனில், இரண்டு அணியாக, வாரம் முழுக்கப் போய் வருகிறார்கள். தூங்குவதும் எழுவதும் ஒன்பதாம் வட்டாரத்தில். கார்டில் மட்டும் எல்லாரும் ஐந்தாம் வட்டாரத்துக்காரர்கள்.

முத்திரை குத்தும்போதெல்லாம் ஒரு ஆளுக்கு உயிர்ப்பிச்சை கொடுப்பதாகத்தான் அவள் நினைத்தாள். தன் வட்டாரத்திலிருந்து ஒரு நோயாளியைக் கழிக்கிறோம் என்று ஒரு தடவைகூட மனதில் படவில்லை. கூட்டல் கழித்தலிலேயே வயதைத் தொலைத்தவளுக்கு இது படவில்லை என்றால் யாரை நொந்துகொள்வது?

வெள்ளிக்கிழமை காலை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். மறுபடி கழற்றினார்.

"முப்பத்திநாலு பேரா?"

"ஆமா சார்."

"நான் ஒண்ணும் கேக்கலைன்னு வச்சுக்குங்க."

"கேட்டுட்டீங்களே சார்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "திருப்பிக் கொண்டுவந்துடுங்க. நீங்கதானே அனுப்புனீங்க, நீங்களே திருப்பிப் போடுங்க."

"போட்டா ஒண்ணாந்தேதியே அங்க பேர் வெட்டிடும் சார். கம்ப்யூட்டரே வெட்டிடும். இங்க மெஷின் எப்ப வரும்?"

"டெண்டர் விட்டு, கட்டடம் சரிபண்ணி, தண்ணி சுத்தம் பண்ற பிளாண்ட் போட்டு..." விரல் மடக்கினார். "ஒரு வருஷம். வேகமா நடந்தா."

"நடுவுல?"

அவர் மடக்கிய விரல்களை விரித்தார். டயாலிசிஸ் நின்றுபோன ஆள் எத்தனை நாள் தாங்கும் என்பதை அவர் படித்திருக்கிறார், அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வாரம். உடம்பு முரடாக இருந்தால் பத்து, பன்னிரண்டு நாள்.

அன்று மதியம் அவள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இந்தப் புதுத் திட்டத்தை வகுத்த பிரிவில் ஒரு பெண் பேசினாள். குரலைக் கேட்டால் சின்ன வயது. எரிந்துவிழுகிற ரகம் இல்லை. பொறுமையாகவே கேட்டாள்.

"மேடம், சிகிச்சை அங்க, கணக்கு இங்கன்னு போட முடியாதுங்களா? ஒரு வருஷத்துக்கு மட்டும்."

"நீங்க சொல்றது நியாயம்தாங்க. ஆனா ஃபார்ம்ல அதுக்குக் கட்டமே இல்லையே."

"கீழ ஒரு குறிப்பா எழுதி அனுப்பட்டா?"

"எழுதலாம். ஆனா யாரும் படிக்கமாட்டாங்க. கட்டத்துல இருக்கற எண்ண மட்டும்தான் மெஷின் எடுத்துக்கும்." ஒரு மூச்சு விட்டாள். "தப்பா நினைக்காதீங்க. சத்தமா கேக்கறவங்களுக்கே எல்லாம் போகுதுன்னுதான் ராத்திரி பகலா உக்காந்து இதைச் செஞ்சோம். வாயில்லாத ஊருக்கும் கிடைக்கணும்னு."

"நல்ல திட்டம்தாங்க," என்றாள் லிஸ்ட் அக்கா. கிண்டலாகச் சொல்லவில்லை.

"ஐந்தாம் வட்டாரம் ஒத்துக்கிட்டு ஒரு கடிதம் கொடுத்தா, நான் மேல பேசிப் பாக்கறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

ஐந்தாம் வட்டாரத்தில் அவளைப் போலவே ஒரு புள்ளிவிவரக்காரர் உண்டு. நான்கு வருடமாகப் போனில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. டயர்க்கடை மாடிக்கு ஒவ்வொரு பெயராக ஏறும்போதும் எதிர்முனையில் ஒப்புக்கொண்டவர் அவர்தான். விவரம் தெரியாதவர் இல்லை.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க," என்று குரலைத் தாழ்த்தினார். "எங்க ஆளுங்களே நாப்பது பேர் வெளிய பெஞ்சுல காத்துக்கிட்டிருக்காங்க. தினமும் என் சட்டையப் பிடிக்கிறாங்க. அதுல போன மாசம் ரெண்டு பேர் போயிட்டாங்க. இவங்க எல்லாம் ஒன்பதாம் வட்டாரத்து ஆளுங்கன்னு நீங்க பேப்பர்ல ஒரு வரி எழுதுனா போதும், எங்க டைரக்டர் அடுத்த ஷிப்டுலயே ஊசியக் கழட்டிடுவார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது."

"ஒரு கடிதம்தான் தம்பி..."

"எந்தக் கடிதம்? நீங்க கேக்கல, நான் சொல்லல. போன வைங்கக்கா."

வைத்தாள். அந்த நாற்பது பேரைப் பற்றி அவள் இதுவரை நினைத்ததே இல்லை. தன் முப்பத்திநாலு பேர் ஏறிய கட்டில்களில் ஏறாமல் நிற்கிறவர்கள். அவர்களுக்கும் யாராவது ஒரு அக்கா இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு விடுமுறை. அன்று எல்லாரையும் வட்டார மருந்தகத்தின் கூடத்துக்கு வரச் சொன்னாள். இரும்பு நாற்காலிகள், சுவரில் கைகழுவும் முறை பற்றிய படம், மூலையில் சுற்றாத ஒரு ஃபேன். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேரால் எழுந்து வர முடியவில்லை. எல்லாருக்கும் இடது கையிலோ வலது கையிலோ இரத்தக் குழாய் கயிறு மாதிரி புடைத்திருந்தது. யாரும் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுவரவில்லை. நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாதவர்கள்.

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். முப்பது பேர் கணக்கில் வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். அதனால் இருபத்தெட்டுப் பேர் முகவரியைத் திருப்பி மாற்றினால் இங்கே ஆறு மெஷின் வரும். ஒரு வருடம் கழித்து. மாற்றியவர்களுக்கு ஒன்றாம் தேதியிலிருந்து அங்கே இடமில்லை.

பிறகு முடிவெட்டுகிறவர் கணக்குப் போட்டார்.

"அப்ப ஆறு பேர் அங்கயே இருக்கலாம்னு சொல்லுங்க."

"ஆமாண்ணே."

"யாரு அந்த ஆறு பேரு? சீட்டுக் குலுக்கிப் போடுவோமா?"

"உன் கையில கத்தி இருக்கு, நீ எங்க தலைய எண்ணிக்கோ," என்றார் கண்டக்டர். சிலர் சிரித்தார்கள்.

"டிக்கெட் கிழிக்கறவன் நீதானய்யா. நீ கிழி. யாரு எறங்கணும், யாரு போகணும்னு."

"நான் எறங்கச் சொன்னா எறங்கற மூஞ்சியா நீ? அரை டிக்கெட் எடுத்துட்டு முழு சீட்டுல உக்காந்த ஆளு."

தையல்காரம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, அந்தக் கூட்டத்தில் மூத்தவள். அவள் கையைத் தூக்கினாள். "என்னை எழுதிக்கோம்மா. நான் பாத்தாச்சு எல்லாத்தையும். எம்பேத்தியோட மாமியாருக்கும் இதே சீக்கு ஆரம்பிச்சிருக்கு. அவளுக்காவது இங்கயே கிடைக்கட்டும்."

"சரிம்மா," என்றாள் லிஸ்ட் அக்கா. தாளில் ஒரு கோடு போட்டாள். "இன்னும் இருபத்தேழு வேணும்."

ஒரு கையும் எழவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு பெண்ணுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் போய் எப்படிக் கேட்பது?

"பேரைச் சேர்த்துவிட்டா என்ன?" என்றார் கண்டக்டர். "இல்லாத ஆளுங்க முப்பது பேர். நீங்க எழுதுனா யாரு கேக்கப்போறா?"

"அதையும் பாத்துட்டேன். ஒவ்வொரு பேருக்கும் சிகிச்சை நம்பர் கேக்குது. நம்பர் இல்லாத பேரத் துப்பிடுது."

கடைசி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் தம்பி. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் தம்பி என்ன சொல்கிறான் என்று பார்க்கத்தான். அவன் முதலில் தூக்கினால் இன்னும் நாலு கை எழும்போல் இருந்தது. தூக்காதே என்று லிஸ்ட் அக்கா வேண்டிக்கொண்டாள். வட்டாரம், மெஷின், வாத்தியார் எதுவும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் இல்லை.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றான் தம்பி. "எனக்குப் பயமா இருக்கு."

அதோடு கூட்டம் முடிந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. போகிறபோது முடிவெட்டுகிறவர், "அப்ப நாளைக்கு வேன் வழக்கம்போலத்தானே அக்கா?" என்று கேட்டார். வழக்கம்போலத்தான் என்றாள்.

தையல்காரம்மா வாசலில் நின்றாள். "என் பேரு?"

"உங்க ஒருத்தர் பேரப் போட்டா மூணு ஆகும்மா. மூணுக்கும் ஒண்ணும் கிடையாது, ரெண்டுக்கும் ஒண்ணும் கிடையாது. நாளைக்கு வேனுக்கு வந்துடுங்க."

"பெரிய மனசு பண்ணிக் கையத் தூக்குனதும் வீண்தானா?" என்று கிழவி சிரித்துக்கொண்டே படி இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு லிஸ்ட் அக்கா கட்டத்தில் இரண்டு என்று அடித்தாள். சர்வீஸில் முதல் தடவையாக எண்ணை அடித்துவிட்டுச் சரிபார்க்காமல் அனுப்பினாள். சரிபார்க்க என்ன இருக்கிறது? கார்டில் இருக்கும் முகவரிப்படி அது நூற்றுக்கு நூறு சரி.

அதிகாரி அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் அறைப் பக்கம் வரவில்லை. எதிரே வந்தால் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது மாதம் ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. ஒன்பதாம் வட்டாரத்தில் சிறுநீரக நோய்ச் சுமை மிகவும் குறைவு என்றும், இது பாராட்டத்தக்கது என்றும் முதல் பத்தியில் எழுதியிருந்தார்கள். ஐந்தாம் வட்டாரத்தின் சுமை கவலை தருவதாக இருப்பதால் அங்கே பதினான்கு மெஷின் கூடுதலாக வைக்கிறார்களாம். அதுவரை தவறு என்று எதையும் சொல்ல முடியாது. இரண்டாம் பக்கத்தில் வாகனங்கள். இனிமேல் நோயாளி வேனும் தேவைக்குத் தக்கபடிதான். பதிவேட்டில் இரண்டே நோயாளிகள் இருக்கும் வட்டாரத்துக்குப் பதினேழு இருக்கை வேன் எதற்கு? அதை ஐந்தாம் வட்டாரத்துக்கு மாற்றி உத்தரவு.

வேன் டிரைவர் சாவியை அவள் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"வண்டியோட நானும் போகணுமாம். அங்க யாரை ஏத்துறது? அங்க உள்ளவங்க எல்லாம் ஆட்டோவுல அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்களே."

"உத்தரவுல கையெழுத்துப் போடுங்கண்ணே."

"நான் போடறேன். நம்ம ஆளுங்க?"

அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

அடுத்த வாரம் ஐந்தாம் வட்டாரத்துக்காரர் போன் செய்தார். பெஞ்சில் காத்திருந்த நாற்பது பேருக்கும் இடம் கிடைத்துவிட்டதாம். "எல்லாம் உங்க ஆளுங்க புண்ணியம்தான் அக்கா. அந்த முப்பத்திநாலு இல்லைன்னா எங்களுக்கு இத்தனை மெஷின் வந்திருக்காது. உங்களுக்கு ஒரு நாள் சாப்பாடு போடணும்."

"போடுங்க," என்றாள்.

அந்த நாளிலேயோ அடுத்த நாளிலேயோ ஒரு பெண் ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். ரிப்போர்ட் புருஷனுடையது. சரக்கு லாரியில் கிளீனர் வேலை, முப்பத்தாறு வயது. டாக்டர் இங்கே வந்து கேட்கச் சொன்னாராம். லிஸ்ட் அக்கா படிவத்தை எடுத்து நிரப்பிக் கொடுத்தாள். வேன் இல்லை என்பதையும் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதித் தந்தாள். அவரை விடுவிக்காமல் வைத்திருந்தால் ஒன்பதாம் வட்டாரத்துக் கணக்கு மூன்றாகும் என்பது முத்திரை குத்தும்போதே தெரிந்தது. குத்தினாள்.

வேன் நின்ற பிறகு தம்பி பஸ்ஸில் போனான். காலை ஐந்தரைக்கு முதல் பஸ். பாதி வழியில் இறங்கி இன்னொரு பஸ். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு முக்கால் மைல் நடை. மெஷினில் இருந்து எழுந்தவுடன் கால் துணி மாதிரி துவளும், கண் இருட்டும். அந்த நேரத்தில் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு வர வேண்டும். விடுப்பு மிச்சம் இருந்த வரைக்கும் அக்கா கூடப் போனாள். பிறகு கண்டக்டரோடு அனுப்பினாள். கண்டக்டர் பஸ் படியில் ஒரு தடவை மயங்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டபின் தனியாகவே போனான்.

மூன்று கிலோ தண்ணீரை உடம்பில் ஏற்றிக்கொண்டு போய், இரண்டு கிலோவை இறக்கிவிட்டு வந்தான். வரும்போதே இரவு எட்டாகும். செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் கதவோரம் உட்கார்ந்துவிடுவான். அவள் கழற்றுவாள்.

ஒரு வியாழக்கிழமை, வாயில் ஒரு ஐஸ் துண்டை ஒதுக்கிக்கொண்டு சொன்னான். "வாரத்துக்கு ரெண்டு போதும்க்கா."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல. சனிக்கிழமைய விட்டுடலாம்னு பாக்கறேன். நிறைய பேர் விட்டுட்டாங்க."

"யாரு?"

"முடிவெட்டுற அண்ணன். அந்தத் தையல்காரம்மா போன வாரத்துல இருந்து எதுக்குமே வர்றதில்ல."

அவளுக்குக் கணக்கு தெரியும். மூன்று, இரண்டாகும். இரண்டு, ஒன்றாகும். ஒன்றுக்குப் பிறகு அவளிடம் ஒரு படிவம் வரும், பெயர் நீக்குவதற்கு. அது ஐந்தாம் வட்டாரத்துக்குத்தான் போகும்.

"ஐந்தாம் வட்டாரத்துலயே போய் இருந்துடலாம்டா. நான் மறுபடி மாற்றல் கேக்கறேன்."

"கேட்டியே. என்ன சொன்னாங்க?"

"அங்க என் போஸ்ட் காலியில்லையாம்."

"அப்புறம் என்ன." ஐஸை மறு கன்னத்துக்கு ஒதுக்கினான். "டயர்க்கடைக்காரன்கிட்டயும் கேட்டேன். மாடிய எப்பவோ குடோனா ஆக்கிட்டானாம். நின்னுக்கிட்டே வேணா தூங்கலாம்னான்."

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவள் எழுந்துவிட்டாள். பையில் போர்வை, மாற்றுச் சட்டை, கார்டு, இரண்டு ரொட்டித் துண்டு எல்லாம் எடுத்து வைத்தாள். தம்பியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மூச்சு தூங்குகிற ஆளின் மூச்சு இல்லை.

எழுப்ப வேண்டும். தோளைத் தொட்டு, டேய் எழுந்திரு என்று சொல்ல வேண்டும். எழுந்துவிடுவான், அதில் சந்தேகமில்லை. எழுந்து, கால் வீக்கத்தில் செருப்பு நுழையாமல் பத்து நிமிடம் போராடி, அந்தப் பஸ்ஸில் ஏறுவான். இரவு எட்டு மணிக்கு அவளே கதவைத் திறந்து அவனைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது வழியிலிருந்து போன் செய்வார்கள். எழுப்பாமல் விட்டால் செவ்வாய்க்கிழமை வரை அவன் இந்த வீட்டில் இருப்பான். தண்ணீர் ஏறி ஏறி மூச்சு முட்டும், ஆனால் கண் முன்னால் இருப்பான்.

பையைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். தெருமுனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஒன்றிரண்டு பேர் ஏறினார்கள் போலிருக்கிறது. டிரைவர் கொஞ்சம் அதிகமாகவே நிறுத்தி வைத்திருந்தார், இந்த நிறுத்தத்தில் சனிக்கிழமை ஒரு நோயாளி ஏறுவார் என்று தெரிந்தவர். ஒரு தடவை ஹாரன் அடித்தார். பிறகு போய்விட்டார்.

"போயிடுச்சாக்கா?" என்றான் தம்பி, திரும்பாமலேயே.

"போயிடுச்சு."

"எழுப்புவேன்னு நினைச்சேன்."

அவள் பையைக் கீழே வைத்து, ரொட்டியை வெளியே எடுத்தாள்.